பையை எங்கே வைப்பது?

எந்த நர்சிங் மாணவர் எப்போது எந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்ற ரொட்டேஷன் பிளானை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் போனை சைலன்ட்டில் வைத்துவிடுவேன். இல்லையென்றால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. "மேடம், எனக்கு மட்டும் ஏன் முதல்லயே ஜி.எச்.?" "மேடம், என் செட்டு எல்லாம் ஒரே பேட்ச்ல இருக்கு, நான் மட்டும் தனியா மாட்டிக்கிட்டேன்." "மேடம், அம்மா உங்ககிட்ட பேசணுமாம்." இந்த மூன்றாவது வகை போன் வந்தால், அந்தப் பிள்ளைக்குப் போட்டிருப்பது மனநல மருத்துவமனையாகவோ தாம்பரம் சானடோரியமாகவோ இருக்கும் என்று லிஸ்ட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடப் படிப்பு. அதில் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியேதான் போகும். கல்லூரியோடு சேர்ந்த தனியார் மருத்துவமனையில் கொஞ்ச நாள், அரசு மருத்துவமனையில் (ஜி.எச்.) கொஞ்ச நாள், பிரசவம் பார்க்க ஓர் இடம், குழந்தைகள் வார்டுக்கு எழும்பூர், மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம், காசநோய்க்குத் தாம்பரம், பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம். சில இடங்களில் வாரக்கணக்கில் இருப்பார்கள். சில இடங்களுக்கு ஒரே ஒரு நாள் 'விசிட்', அதற்கும் ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும்.

ஏன் இத்தனை இடம் என்று முதல் வருடப் பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள். எல்லா நோயாளிகளும் ஒரே மருத்துவமனைக்கு வருவதில்லை, அதனால்தான். தனியார் மருத்துவமனையில் ஆஞ்சியோ முடித்துப் படுத்திருப்பவரைப் பார்க்கலாம். பாம்பு கடித்து வந்தவரையும் பூச்சிமருந்து குடித்து வந்தவரையும் பார்க்க ஜி.எச்.சுக்குத்தான் போக வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் எந்தத் துறையில் எத்தனை மணி நேரம் என்று பிரித்து வைத்திருக்கிறது. 2021-இல் பாடத்திட்டத்தை மாற்றி செமஸ்டர் முறை கொண்டுவந்த பிறகு அந்தக் கணக்கு இன்னும் இறுகிவிட்டது. மணி நேரம் நிரம்பாவிட்டால் டிகிரி கிடையாது. எங்கள் பாடப்புத்தகத்தில், 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 4 மாணவிகளோடு தொடங்கிய பயிற்சிப் பள்ளியைப் பற்றி ஒரு வரி வரும். நான்கே பேர், ஒரே மருத்துவமனை. அந்த வரிக்கு வந்ததும் வகுப்பில் ஒரு பெருமூச்சு கேட்கும்.

பல இடங்களில் மாறி மாறி வேலை பார்ப்பதைப் பற்றி நர்சிங் மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டால், எல்லாரும் 'நல்ல அனுபவம்' என்பதற்கு நேராக டிக் அடிப்பார்கள். இன்டர்னல் மார்க் போடுகிறவர் கைக்குப் போகும் தாளில் வேறென்ன எழுதுவார்கள்? உண்மையான பதில் கல்லூரி பஸ்ஸின் கடைசி சீட்டுகளில் கிடைக்கும். நோயாளியைப் பற்றிய பயம் அங்கே அதிகம் பேசப்படாது. டாய்லெட் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம், மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்க எங்கே உட்கார விடுவார்கள், செய்து பழகியதைக் குறித்து வைக்கும் லாக் புக்கில் கையெழுத்து போட எந்த சிஸ்டரைப் பிடிக்க வேண்டும், பையை எங்கே வைப்பது. இவைதான் பேச்சு.

பை விஷயம் சின்னதாகத் தெரியலாம். வார்டில் பையை வைக்கக் கூடாது, தொற்று பரவும், அது சரிதான். நர்சுகள் அறையில் வைக்கலாமா என்றால், "எங்க பொருளுக்கே இடம் இல்ல" என்பார்கள். அதுவும் சரிதான். கடைசியில் மாடிப்படிக்கு அடியில் முப்பது பைகளையும் குவித்துவிட்டு, ஒருத்தியைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போவார்கள். காவல் இருக்கிறவளுக்கு அன்றைய கிளினிக்கல் போச்சு. முறை வைத்துக் காவல் இருப்பதற்கு அவர்களே ஒரு டைம்டேபிள் போட்டு வைத்திருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"மேடம், மூணு வாரத்துக்கு ஒரு தடவை எங்களைக் கட்டிக்கொடுத்து அனுப்புறீங்க. உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியறதுக்குள்ள அடுத்த வீட்டுக்குப் போங்கறீங்க" என்றாள் மூன்றாம் வருடத்துப் பெண் ஒருத்தி. பஸ்ஸே சிரித்தது. எனக்கு இதில் ஒரு அபிப்பிராயம் உண்டு. பிள்ளைகளுக்கு இடம் மாறுவது பிரச்சினை இல்லை. பத்தொன்பது இருபது வயது. புது இடம் என்றால் உள்ளுக்குள் ஆசைதான். போய் இறங்கும் இடத்தில் "இவங்க நம்ம பிள்ளைங்க" என்று சொல்ல ஆள் இல்லாததுதான் அவர்களைச் சுருக்கிவிடுகிறது. சில இடங்களில் அவர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டிய விருந்தாளிகள். சில இடங்களில் ஆள் பற்றாக்குறைக்குக் கிடைத்த கை. இரண்டுக்கும் நடுவே படிக்க வந்தவர்கள் என்று ஒரு நிலை இருக்கிறதல்லவா, அதைத்தான் எல்லா இடத்திலும் தேட வேண்டியிருக்கிறது.

ஆள் பற்றாக்குறை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஐம்பது கட்டிலுக்கு இரண்டு நர்சுகள் நைட் பார்க்கிற வார்டில், காலையில் வெள்ளைக் கோட்டு மாட்டிய இருபது பேர் வந்து நின்றால் எந்த இன்சார்ஜ் சிஸ்டருக்கும் இரண்டு யோசனைதான் வரும். ஒன்று, "எல்லா பேஷன்ட்டுக்கும் டெம்ப்ரேச்சர், பி.பி. பாத்து எழுதிடுங்கம்மா". இல்லையென்றால், "எதையும் தொடாதீங்க, ஓரமா நில்லுங்க". அவரைக் கேட்காமலேயே அந்த இருபது பேரை அவர் தலையில் கட்டியிருக்கிறோம். கல்லூரி, மருத்துவமனைக்குக் கட்டணம் கட்டி அனுமதி வாங்குகிறது. அந்தப் பணத்தில் ஒரு பைசா அந்த சிஸ்டர் பக்கம் வருவதில்லை. சொல்லிக்கொடுப்பது அவருடைய டியூட்டி சார்ட்டிலும் இல்லை. அப்படியும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இதை யாரும் எழுதுவதில்லை. பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் ஒரே நாளில் நான்கைந்து கல்லூரிப் பிள்ளைகள் நிற்பது சாதாரணம். நீலக் கோடு போட்ட யூனிஃபார்ம் ஒரு கல்லூரி, பச்சை ஒரு கல்லூரி, மெரூன் இன்னொன்று. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் படுத்திருக்கிறார். வயிற்றைத் தொட்டுக் குழந்தையின் நிலையைப் பார்க்கும் பரிசோதனையை எல்லாரும் கற்க வேண்டும். முதல் பெண் கையைத் தேய்த்துச் சூடாக்கி, "அக்கா, பாக்கட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தாள். இரண்டாவது பெண்ணும் கேட்டாள். மூன்றாவது பெண் கேட்டபோது அந்த அக்கா சிரித்துக்கொண்டே "பாரும்மா" என்றார். நான்காவதாக வந்தவள் வேறு கல்லூரி. கேட்கவில்லை, கையை வைத்தாள். அந்த அக்கா எதுவும் சொல்லாமல் புடவையை இழுத்து மூடிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்துவிட்டார். ஐந்தாவது என் மாணவி. அவள் அப்படியே பின்வாங்கி வந்து, "எனக்கு இன்னிக்கு வேணாம் மேடம்" என்றாள். லாக் புக்கில் அன்றைய கட்டம் காலி. அந்தக் காலிக் கட்டத்துக்கு நான் மார்க் போட முடியுமானால் முழு மார்க் போடுவேன்.

பழைய பாடத்திட்டத்தில் ஒவ்வொருவரும் 20 சுகப்பிரசவம் பார்த்திருக்க வேண்டும். எல்லாக் கல்லூரியும் அதே லேபர் ரூமின் வாசலில் நின்றால், பிறக்கிற குழந்தைகளை யார் யார் கணக்கில் எழுதுவது? கேஸ் புக்குகள் எப்படியோ நிரம்பின, அதற்கு மேல் இங்கே வேண்டாம். எங்கள் பையன்களின் பாடு இன்னும் மோசம். பாடத்திட்டத்தில் பிரசவம் அவர்களுக்கும் உண்டு. லேபர் ரூம் கதவில் "ஆம்பளப் பசங்க வெளிய" என்று நிறுத்தும் இடங்களும் உண்டு. அதே பையன் வராண்டாவில் நிற்கும்போது, உள்ளே ஆண் டாக்டர் போய் வருவார். ஒருவன் கேட்டான்: "மேடம், அவருக்கு இருக்கிறது எனக்கு என்ன இல்ல?" பஸ்ஸில் அதற்கு வந்த பதில்களை இங்கே எழுத முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், போஸ்டிங் இடங்களைக் குறைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் தனியார் மருத்துவமனையில் டிரிப்ஸ் எல்லாம் இன்ஃப்யூஷன் பம்பில்தான் ஓடும். மணிக்கு எத்தனை மில்லி என்று எண்ணைத் தட்டினால் போதும். நின்றால் அதுவே கத்தும். அங்கே இரண்டு மாதம் இருந்துவிட்டு ஜி.எச். போன ஒருத்தி, முதல் நாள் பாட்டிலையும் டியூபையும் பார்த்துவிட்டு "பம்ப் எங்க சிஸ்டர்?" என்று கேட்டிருக்கிறாள். ஸ்டாஃப் சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாராம். 500 மில்லி, நான்கு மணி நேரத்தில் போக வேண்டும். அந்த டியூப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. இது அவள் பரீட்சையில் முழு மார்க் வாங்கிய கணக்கு. ஆனால் டியூபில் இருக்கும் ரோலரை நகர்த்தி, கடிகார முள்ளையும் சொட்டு விழும் அறையையும் ஒரே நேரத்தில் பார்த்து, கால் நிமிடத்துக்குப் பத்து, பதினொன்று என்று எண்ணி நிறுத்துவது கைக்கு வர அவளுக்கு அரை நாள் ஆனது. நோயாளி கையை மடக்கினால் சொட்டு மாறும்; கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாலும் மாறும். அந்த சிஸ்டர் நடந்துபோகிற போக்கில் பார்த்தே "அது வேகமா போகுது, குறை" என்பாராம். "எப்படி சிஸ்டர்?" என்றதற்கு, "பாத்துப் பாத்துத்தான்" என்று பதில்.

எதிர்த் திசையிலும் பாடம் போகும். எங்கள் மருத்துவமனை தரச்சான்று பெற்றது. மருந்து கொடுக்குமுன் நோயாளியிடம் இரண்டு அடையாளம் கேட்க வேண்டும். பெயரும், கையில் கட்டிய பட்டையில் இருக்கும் எண்ணும். ஜி.எச். வார்டில் பட்டை இல்லை. "லட்சுமி" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்புவார்கள், மூன்றாவது ஒருவரின் மாமியாரும் திரும்புவார். அங்கே போன எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி, பிளாஸ்டர் துண்டில் ஐ.பி. நம்பரும் (உள்நோயாளி எண்) கணவர் பெயரும் எழுதி ஒவ்வொரு டிரிப் ஸ்டாண்டிலும் ஒட்டிவிட்டு வந்தாள். இன்சார்ஜ் சிஸ்டர் பார்த்தார், கிழித்தும் போடவில்லை, பாராட்டவும் இல்லை. அடுத்த பேட்ச் போனபோது புது நோயாளிகளின் ஸ்டாண்டிலும் பிளாஸ்டர் இருந்தது, வேறு கையெழுத்தில்.

குப்பைத் தொட்டியைக்கூடச் சொல்லலாம். 2016-இல் வந்த மருத்துவக் கழிவு விதிகள் நாடு முழுக்க ஒன்றுதான். இரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், டியூபும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்பில், ஊசிகள் வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். பரீட்சையில் எல்லாரும் சரியாக எழுதுவார்கள். ஓரிடத்தில் நான்கு தொட்டியும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இன்னோரிடத்தில் வெள்ளை டப்பா வார்டின் மறுகோடியில் இருக்கும். ஊசியைக் கையில் பிடித்தபடி இருபது கட்டில் தாண்டி நடக்க வேண்டும். ஊசி குத்திக்கொள்கிற ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதை, இரண்டு வார்டிலும் நடந்து பார்த்த பிள்ளைக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே மருத்துவமனையில் நான்கு வருடம் இருந்தவள், அங்கே நடப்பதுதான் நர்சிங் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

அம்மாக்கள் போன் பண்ணும் போஸ்டிங்குக்கு வருகிறேன். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கியது. இப்போதிருக்கும் இடத்துக்கு வந்தது 1871-இல். சென்னையில் வளர்ந்த பிள்ளைக்கு 'கீழ்ப்பாக்கம்' என்பது பள்ளிக்கூடத்தில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்ட சொல். போகுமுன் நாங்கள் சொல்லி அனுப்பும் விதிகளும் பயத்தைக் கூட்டத்தான் செய்யும்: செயின் போடாதே, சேஃப்டி பின் வேண்டாம், கத்தரிக்கோலை வார்டுக்குள் கொண்டுபோகாதே, தனியாக ஒரு மூலைக்குப் போகாதே. முதல் நாள் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

அந்தப் போஸ்டிங்கில் 'பிராசஸ் ரெக்கார்டிங்' என்று ஒன்று எழுத வேண்டும். நோயாளியோடு பேசியதை, அவர் சொன்னது ஒரு பக்கம், நீ சொன்னது ஒரு பக்கம் என்று அப்படியே எழுதி, உன் பதில் ஏன் அப்படி வந்தது என்றும் எழுத வேண்டும். வேறெந்த வார்டிலும் நோயாளியோடு உட்கார்ந்து பேச இவர்களுக்கு நேரமே ஒதுக்குவதில்லை, பி.பி. பார்க்கும்போது "சாப்டீங்களா?" என்பதோடு சரி. இங்கே பேச்சுதான் வேலை. வருடக்கணக்காக அங்கேயே இருக்கும் ஒரு பாட்டி, எங்கள் பெண் ஒருத்தியிடம் தினமும் அதே மூன்று கேள்வி கேட்டார்: உன் ஊர் எது, அப்பா என்ன பண்றார், இங்கே வர பஸ் டிக்கெட் எவ்வளவு. இவளும் தினமும் பதில் சொன்னாள். ரெக்கார்டில் நான்காம் நாள் இப்படி எழுதியிருந்தாள்: 'பாட்டி இன்று டிக்கெட் விலை கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.' அதன் பக்கத்தில் 'சிகிச்சை நோக்கிலான உரையாடல் நுட்பம்' என்ன பயன்படுத்தப்பட்டது என்று எழுத வேண்டிய கட்டம். அதில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, விட்டுவிடச் சொன்னேன்.

போஸ்டிங் முடிந்து வந்ததும் அந்த அம்மாக்களிடமிருந்து போன் வராது. வீட்டில் பிள்ளைகள் அங்கே நடந்ததைத்தான் ஒரு வாரம் பேசிக்கொண்டிருப்பார்களாம், அது வேறு விஷயம்.

கிராமத்துப் போஸ்டிங் எல்லாருக்கும் முதலில் சுற்றுலா மாதிரி. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. துணை நிலையத்தில் இருப்பவர் ஊர்க்காரர்கள் 'நர்சம்மா' என்று கூப்பிடும் கிராம சுகாதார செவிலியர். எங்கள் பிள்ளைகள் டிகிரி படிக்கிறவர்கள். நர்சம்மா படித்தது அதைவிடக் குறைந்த வருடங்கள். முதல் நாள் அந்த நினைப்பு முகத்தில் தெரியும். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் அந்த நினைப்பு போய்விடும்.

நான் கூடப் போன ஒரு புதன்கிழமை, நர்சம்மா தடுப்பூசி கேரியரில் வைக்க வேண்டிய ஐஸ் பேக்குகளை வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பெண்ணுக்குத் தாங்கவில்லை. "மேடம், உருகுது" என்றாள். நர்சம்மா ஒரு பேக்கை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினார். இவள் காதிலும் வைத்து ஆட்டினார். உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் லேசாகக் கேட்க வேண்டும், அப்போதுதான் உள்ளே வைக்கலாம். கல்லாக உறைந்ததை அப்படியே வைத்தால் பென்டாவேலன்ட் மாதிரி தடுப்பு மருந்து உறைந்து கெட்டுவிடும். பிறகு ஒரு மருந்துக் குப்பியை எடுத்து லேபிளில் இருக்கும் வட்டத்தையும் அதற்குள் இருக்கும் சதுரத்தையும் காட்டினார். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் போடலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் தூக்கிப்போட வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் தடுப்பூசி ஃபிரிட்ஜிலிருந்து டிரேயில் வரும். அதற்கு முன்னால் அது எங்கிருந்தது என்று அங்கே யாரும் யோசிக்க வேண்டியதில்லை. வெயிலில் வண்டியில் கட்டி அங்கன்வாடிக்குக் கொண்டுபோகிறவருக்குத்தான் அந்தச் சதுரம் தினசரி கவலை.

இந்தப் போஸ்டிங்கில்தான் பிள்ளைகள் முதன்முதலாகத் தங்கள் பெயரால் கூப்பிடப்படுகிறார்கள் என்பதையும் கவனித்தேன். மருத்துவமனைகளில் அவர்கள் எல்லாரும் 'ஸ்டூடன்ட்'. "ஏ ஸ்டூடன்ட், அந்தக் கேஸ் ஷீட்டை எடு." நர்சம்மாவுக்கு வந்ததே நான்கு பேர்; இரண்டாம் நாளே பெயர் தெரிந்துவிடும், யார் என்ன சாப்பிட மாட்டார்கள் என்பதும் தெரிந்துவிடும். சேர்ந்தாற்போல் எட்டு மணி நேரம் ஒருவரோடு நடந்து, வீடு வீடாக பி.பி. பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வந்தால் அது படிப்பாகவும் இருக்கிறது, வேலையாகவும் இருக்கிறது. கடைசி நாள் ரிப்போர்ட்டில் ஏறக்குறைய எல்லாரும் பிடித்த போஸ்டிங் என்று கிராமத்தைத்தான் எழுதுகிறார்கள். "அப்படின்னா அங்க வேலைக்குப் போவீங்களா?" என்றால் யாரும் கை தூக்குவதில்லை.

அதற்குக் காரணம் பிள்ளைகளின் மனசில் இல்லை, வேலையின் நிலையில் இருக்கிறது. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகப் போகிறவர்கள், நிரந்தரம் இல்லாமல், தொகுப்பூதியத்தில் தொடங்க வேண்டும். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் பணி நிரந்தரம் கேட்டு அந்த நர்சுகள் போராட்டத்தில் உட்கார்ந்ததை எங்கள் பழைய மாணவிகள் நேரில் இருந்து பார்த்தவர்கள். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்டவர்களில் பலர் 2022 கடைசியில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தார்கள். எந்த மாவட்டத்தில் போடுவார்கள், எப்போது மாற்றுவார்கள், நிரந்தரம் எப்போது என்று தெரியாத வேலையில் 'இடம் மாறுவது' என்பது மூன்று வாரத்தில் முடிந்துவிடும் போஸ்டிங் அல்ல. கூடவே ஹாஸ்டல் கடனோ படிப்புக் கடனோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தனியார் பக்கமும் ஒரே இடம் என்பது இனி இல்லை. கிளைகள் உள்ள மருத்துவமனைகள் வேலைக்கு எடுக்கும்போதே எந்தக் கிளைக்கும் போகத் தயார் என்று எழுதி வாங்கிக்கொள்கின்றன. காலையில் டியூட்டிக்கு வந்தவளை, ஆள் குறைகிறது என்று வேறு வார்டுக்கு அனுப்புவது தினசரி வழக்கம். டியூட்டி முடிந்ததும் வீட்டு நோயாளி ஒருவரைப் பார்க்க ஏஜென்சி மூலம் போகிறவர்களையும் எனக்குத் தெரியும். சம்பளம் போதாததால் வந்த இரண்டாவது இடம் அது. கடைசி வருடப் பிள்ளைகளிடம் பேசினால் அவர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஜி.எச்.சுக்குப் போக அழுத பெண்ணே ஜெர்மனியில் வேலைக்காக ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருப்பாள். முன்பின் தெரியாத நாட்டுக்குப் போகத் தயங்காதவளுக்கு, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மருத்துவமனை ஏன் கசக்கிறது என்று ஒருத்தியிடம் கேட்டேன். "அங்க போனா யார் என்னைக் கூட்டிட்டுப் போவாங்க, எங்க தங்கணும், முதல் மாசம் யார் சொல்லிக்கொடுப்பாங்கன்னு எல்லாம் பேப்பர்ல குடுத்துட்டாங்க மேடம். இங்க அது இல்லையே" என்றாள்.

இங்கிலாந்தில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி சொன்ன விஷயம் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அங்கேயும் நர்சிங் மாணவர்கள் இடம் மாறி மாறித்தான் படிக்கிறார்கள். 2,300 மணி நேரம் செயல்முறைப் பயிற்சி முடித்தாக வேண்டும் என்பது அங்கே நீண்டகாலமாக இருக்கும் கணக்கு. ஆனால் வார்டின் ஆள் கணக்கில் மாணவரைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. மாணவர் வந்தால் ஒரு நர்ஸைக் குறைக்க முடியாது. ஒவ்வொரு மாணவரையும் மேற்பார்வை பார்க்க ஒருவர், மதிப்பிட ஒருவர் என்று பெயர் குறித்திருக்கிறார்கள். அங்கேயும் வார்டில் ஆள் இல்லாத நாளில் விதி வளையும் என்று அவளே சொன்னாள். இருந்தாலும், முதல் நாள் போய் நின்றால் யாரைக் கேட்பது என்ற கேள்வி இல்லை. இங்கே எங்கள் கவுன்சிலும் பத்து மாணவர்களுக்கு ஒரு கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் என்று சொல்கிறது. அந்த ஒருவர் அதே நேரத்தில் மூன்று வார்டில் இருக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்சார்ஜ் சிஸ்டர்களைக் குறை சொல்லாமல், பெரிய இடத்து உத்தரவுக்கும் காத்திராமல் ஏதாவது செய்யலாமா என்று யோசித்தபோது வழியைக் கண்டுபிடித்தது நானில்லை, போன வருடத்து மூன்றாம் ஆண்டு பிள்ளைகள். ஓர் இடத்தில் போஸ்டிங் முடிந்து வரும் பேட்ச், அடுத்து அங்கே போகும் பேட்ச்சுக்கு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறது. வார்டில் நர்சுகள் ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைப்பது போலவே இவர்கள் மருத்துவமனையை ஒப்படைக்கிறார்கள். 'டாய்லெட் இரண்டாம் மாடியில், சாவி ஆயாம்மாவிடம், பதினொரு மணிக்கு மேல் கேட்கக் கூடாது.' 'நைட் முடித்துப் போகிற சிஸ்டரிடம் கையெழுத்து கேட்காதே, பாவம்.' 'ஆறாம் வார்டு சிஸ்டர் கத்துவார், ஆனால் கத்தீட்டர் போடச் சொல்லிக்கொடுப்பது அவர்தான், பக்கத்திலேயே நில்.' 'பி.பி. ஆப்பரேட்டஸ் ஒன்றுதான் வேலை செய்கிறது, கல்லூரியிலிருந்து கொண்டுபோகவும்.' 'பசங்களுக்கு: லேபர் ரூமில் வியாழக்கிழமை வரும் டாக்டர் அம்மா உள்ளே விடுவார், முன்னாடியே கேட்டு வைக்கவும்.' 'பை: மருந்தகத்துக்குப் பக்கத்தில் உடைந்த அலமாரி ஒன்று இருக்கிறது, ஸ்டோர் அண்ணனிடம் கேட்டால் தருவார்.'

இந்த வருடம் ரொட்டேஷன் பிளான் போட்ட அன்று போன்கள் வந்தன, ஆனால் பாதிக்கு மேல் "மேடம், ஜி.எச். நோட்டு யார்கிட்ட இருக்கு?" என்றுதான். கல்லூரி நிர்வாகத்துக்கும் விஷயம் எட்டிவிட்டது. அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் காட்ட வசதியாக நோட்டை டைப் செய்து, இடம், தேதி, கற்றல் நோக்கம், ஆசிரியர் கையெழுத்து என்று கட்டம் போட்டுத் தரும்படி கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இப்போது இரண்டு நோட்டு வைத்திருக்கிறார்கள்.